சட்டை சொன்ன சேதி

வலது கை சட்டைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. இடது கைதான் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. உள்ளே போகவும் மறுத்தது, வெளியே வரவும் மறுத்தது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது, யாரோ தன்னைப் பின்பக்கமாகக் கட்டிப்போட்டு விசாரணை நடத்துவதுபோல் போட்டோ ஸ்டூடியோக்காரருக்குத் தோன்றியது.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, உள்ளேயே தனிக்குடித்தனம் போயிட்டீங்களா? அரை மணி நேரமாச்சு."

"இதோ வந்துட்டேன்."

"இதையேதான் கால் மணி நேரம் முன்னாடியும் சொன்னீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இடது தோளை ஒரு விரற்கடை உயர்த்தினார். கண்ணில் நீர் முட்டியது. கத்தவும் முடியாது. கத்தினால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நேற்றுச் சாயங்காலம் ஜிம்முக்குப் போனதைச் சொல்ல வேண்டும். அதற்கு இந்தச் சட்டையிலேயே ஆயுள் முழுக்க மாட்டிக்கொண்டு கிடக்கலாம்.

ஏனென்றால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தது. நான்கு வருடமாக அதன்மேல் ஈரத் துண்டுகள்தான் சவாரி செய்துகொண்டிருந்தன. ஓட்டப் பயிற்சிக்கென்று வாங்கிய காலணியை மனைவி செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது போட்டுக்கொள்வாள். நீச்சல் கண்ணாடி வெங்காயம் நறுக்கப் பயன்பட்டது. அதற்குப் பிறகுதான் ஒருநாள் அவள் அவரை உட்காரவைத்து, "இனிமே இந்த மாதிரி எதுலயும் இறங்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். அவரும் சொல்லித் தொலைத்தார்.

அப்படிச் சொன்ன மனிதர் எட்டு மாதத்துக்குள் வாக்குத் தவறியதற்குக் காரணம் ஒரு லாரி ஓட்டுநர்.

உரிமம் புதுப்பிக்கப் புகைப்படம் எடுக்க வந்தவர் அவர். ஸ்டூடியோக்காரர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் அதே வாசகத்தைச் சொன்னார்: "தாடையைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. தோள் ரெண்டையும் நேரா வைங்க."

"நேராத்தான் வெச்சிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்."

"நீங்க ஒரு தடவை வெச்சுக் காட்டுங்க சார். பார்த்துக் கத்துக்கறேன்."

ஸ்டூடியோக்காரர் மூச்சை இழுத்து நிமிர்ந்து நின்றார். ஓட்டுநர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம், வைங்க."

"வெச்சுட்டேன்."

"வெச்சுட்டீங்களா!"

கணினி முன்னால் படங்களைத் திருத்திக்கொண்டிருந்த பெண், கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். அன்று மதியம் ஸ்டூடியோக்காரர் தன்னைத் தானே ஒரு படம் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர் சொன்னதில் தப்பில்லை. கழுத்தில் தொடங்கி முழங்கைவரை எந்தத் தடங்கலும் இல்லாத ஒரே சறுக்கல். தோள் என்ற உறுப்பைக் கடவுள் அவருக்குக் கொடுக்கத்தான் நினைத்திருப்பார், அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட்டிருப்பார்கள்.

ஜிம்மில் பயிற்சி தந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவர் எல்லோரையும் அண்ணே என்றார்.

"தோள்ங்கறது ஒரு சதை இல்லண்ணே, மூணு. முன்னால ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, பின்னால ஒண்ணு. மூணும் சேர்ந்து வளர்ந்தாத்தான் பந்து மாதிரி உருண்டு வரும். நிறையப் பேரு முன்னால இருக்கறதை மட்டும் வளர்ப்பாங்க. கண்ணாடியில தெரியறது அதுதானே!"

சொல்லிவிட்டு இரண்டு கிலோ டம்பெல் இரண்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கையையும் பறவை இறக்கை விரிப்பதுபோல் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டூடியோக்காரர் பக்கத்தில் பார்த்தார். அவருடைய மாமியார் வயதில் ஒரு பெண்மணி, மூக்கில் வாசிப்புக் கண்ணாடியோடு, நாலு கிலோவைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் திரும்பிய நேரம் பார்த்து நம்மவர் இரண்டு கிலோவை வைத்துவிட்டு எட்டுக் கிலோவை எடுத்தார். பறவை பறந்தது. பன்னிரண்டு தடவை பறந்தது. பிறகு விழுந்தது.

விழுந்த பறவைதான் இப்போது குளியலறையில் இருந்தது.

ஒருவழியாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவரை மனைவி மேலும் கீழும் பார்த்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை செய்பவள். யாருக்கு எங்கே வலி என்பதை அவர்கள் வாசல்படி ஏறும்போதே சொல்லிவிடுவாள்.

"கையில என்ன?"

"ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்ததுல சுளுக்கு."

"ரெண்டு கையிலயுமா?"

"ரெண்டு பக்கமும் மாறி மாறிப் படுத்தேன்."

அவள் களிம்பை எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். அவள் தேய்த்த வேகத்தில், எட்டுக் கிலோவே தேவலை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஸ்டூடியோவில் வேறு சங்கடம். கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்த முடியவில்லை. ட்ரைபாடில் மாட்டி வைத்தாலும் அதைத் தொடக் கை எழும்பவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ட்ரைபாடை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, குழந்தைகளைப் படம் எடுக்கும்போது போடும் குட்டை நாற்காலியில் தாம் உட்கார்ந்துகொண்டார். வேலை சுலபமாக நடந்தது. அன்று முழுக்க வந்தவர்களை எல்லாம் கீழேயிருந்து மேல் நோக்கி எடுத்துத் தள்ளினார்.

அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பள்ளியின் ஆண்டுக் குழுப் படத்தை எடுப்பவர் நம் ஸ்டூடியோக்காரர்தான். மறுநாள் தலைமை ஆசிரியை தமது படத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சார், இது அடையாள அட்டைக்கா, மூக்கு டாக்டருக்கா?"

"வெளிச்சம் கொஞ்சம்..."

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. எங்கெங்கேயோ போயிருக்கு." படத்தை உறையில் போட்டு மேசைமேல் வைத்தார். "குரூப் போட்டோவுக்கு இந்த வருஷம் எதிர்த்த கடையில கேட்கலாம்னு டீச்சருங்க சொல்றாங்க. நான்தான் பழகின மனுஷராச்சேன்னு தயங்கறேன். பார்த்துக்குங்க."

எதிர்த்த கடை ஆறு மாதத்துக்கு முன்னால் திறந்தது. கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை. பள்ளிக்கூடம் அங்கே போனால், பிள்ளைகளின் பெற்றோர் போவார்கள். பெற்றோர் போனால் அவர்கள் வீட்டுக் கல்யாணங்கள் போகும்.

மூன்றாம் நாளும் சுளுக்கு போகவில்லை என்றதும் மனைவி அவரை எலும்பு மருத்துவரிடம் இழுத்துப் போனாள். மருத்துவர் தோளை அழுத்தி, "இங்க வலிக்குதா? கனமா எதையாவது தூக்கினீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் மனைவி.

"கேமரா மட்டும்தான்."

"கேமரா தூக்கியா இப்படி வீங்கியிருக்கு?" என்று வியந்த மருத்துவர், எதற்கும் இருக்கட்டும் என்று வலது கையை மடக்கி, கழுத்திலிருந்து தூளிபோல் ஒரு பட்டையில் தொங்கவிட்டார். "ரெண்டு வாரம் அசைக்கக் கூடாது."

இரண்டே நாளில் வலி போய்விட்டது. தூளி போகவில்லை. வலி போய்விட்டது என்று சொன்னால், எப்படி வந்தது என்ற பேச்சு வரும். ஆகவே காலையில் தூளியோடு கடைக்குப் போனார். சாயங்காலம் தூளியோடு ஜிம்முக்குப் போனார். ஜிம் வாசலில் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, இந்தத் தடவை மரியாதையாக இரண்டு கிலோவைத் தூக்கினார். முடிந்ததும் தூளியை மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

"கையில என்னண்ணே?" என்று மாஸ்டர் கேட்டார்.

"இது வீட்டுக்காக."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் எத்தனையோ குடும்பஸ்தர்களைப் பார்த்தவர்.

ஐந்தாம் நாள் அவசரத்தில் ஒரு சின்னத் தவறு நடந்தது. வீட்டுக்குள் நுழைந்தவரை மனைவி கூர்ந்து பார்த்தாள்.

"காலையில போகும்போது வலது கை தொங்கிட்டிருந்தது."

குனிந்து பார்த்தார். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது.

"அது... வலி இடம் மாறிடுச்சு."

"வலி என்ன வாடகை வீட்டுலயா இருக்கு, காலி பண்ணிட்டுப் போக?"

மறுநாள் தூளியை அவளே மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "சரியாயிடுச்சுன்னு வெச்சுக்கலாம்" என்றாள். தப்பித்தோம் என்று அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

அதன்பின் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தார். வாரம் மூன்று நாள். மனைவிக்குச் சொன்னது, வெளி வேலை. தலைக்கு மேல் தூக்குவது, பக்கவாட்டில் தூக்குவது, குனிந்து நின்று பின்தோளுக்குத் தூக்குவது எல்லாம் பழகிவிட்டது. இரண்டு கிலோ மூன்றாயிற்று, மூன்று நாலாயிற்று. நாலு கிலோ தூக்கிய அந்தக் கண்ணாடிப் பெண்மணியும் அவரும் இப்போது சம எடை. ஆனால் தோள் மட்டும் பழைய தோளாகவே இருந்தது. முன்னால் திரும்பிப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சறுக்கல் அப்படியே இருந்தது.

"என்ன தேடுறீங்க கண்ணாடியில?" என்று மனைவி கேட்டாள், துணி மடித்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்லையைச் சொன்ன விதத்தில் அவருக்கே தம்மேல் இரக்கம் வந்தது. அன்றிரவு சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் மாஸ்டரிடம் மெல்லச் சொன்னார். "எனக்கு இது வராதுபோல இருக்கு மாஸ்டர்."

"டேப் வெச்சு அளந்தீங்களா?"

"இல்ல, அளக்கலாம்னு..."

"அளக்காதீங்கண்ணே. டேப்பை ஆளுக்கு ஒரு மாதிரி பிடிப்பாங்க. கண்ணாடியையும் நம்பாதீங்க, தினமும் பார்க்கற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒருநாள் சட்டை சொல்லும். அதுவரைக்கும் தூக்கிட்டே இருங்க."

ஸ்டூடியோக்காரர் தலையாட்டினார். வார இறுதிவரை வந்துவிட்டு நின்றுவிடுவது என்று மனத்துக்குள் முடிவும் செய்துகொண்டார்.

அந்த வாரக் கடைசி நாள் காலையில் நீலக் கோடு போட்ட சட்டையை மாட்டினார். பொத்தான் போட்டார். கையை அசைத்தார். ஏதோ பிடித்தது. மறுபடி அசைத்தார். தோளில்தான் பிடித்தது! இரண்டு பக்கமும்!

கூடத்துக்கு வந்தார்.

"சட்டை இறுக்கமா இருக்கே?" என்றாள் மனைவி.

"அப்படியா? எனக்கொண்ணும் தெரியலையே."

"சோப்பு மாத்தினேன். அதுல சுருங்கியிருக்கும்."

"இருக்கும், இருக்கும்" என்று அவசரமாக ஒத்துக்கொண்டு படியிறங்கினார். பாவம், வெகுளி. சோப்பாம்!

அதன்பின் அவர் வேறு மனிதராகிவிட்டார். ஜிம்மை விடுவதாவது! வாரம் மூன்று நாள் நான்கு நாளாயிற்று. அடுத்த மாதம் வெள்ளைச் சட்டையும் பிடித்தது, அதற்கடுத்த மாதம் கட்டம் போட்ட சட்டையும். நீலக் கோட்டுச் சட்டையோ மூச்சு விட்டால் முனகியது. வாசல்களில் நுழையும்போது அவர் லேசாகப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தார். தேவை இருந்ததோ இல்லையோ, ஜாக்கிரதைக்கு.

கணினிப் பெண்ணிடம் ஒருநாள் கேட்டே விட்டார். "ஏம்மா, என்கிட்ட ஏதாவது மாற்றம் தெரியுதா?"

"தெரியுது சார்."

"என்னன்னு சொல்லு பார்க்கலாம்."

"சட்டை சின்னதாயிடுச்சு."

"சட்டை சின்னதாகலம்மா" என்று அவர் ஞானிபோல் புன்னகை செய்தார். "சட்டை எப்பவும் அதே சட்டைதான்."

குழுப் படத்துக்கான நாள் வந்தது. தலைமை ஆசிரியை கடைசியில் மனம் இரங்கி, "இந்த ஒரு தடவை பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளிக்கூட முற்றத்தில் முந்நூறு பிள்ளைகள். முன்வரிசையில் ஆசிரியைகள். நடுவில் தலைமை ஆசிரியை. பின்வரிசைக்கு இரண்டு பெஞ்சு குறைந்தது. ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் தாமே போய் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து போட்டார். மூச்சுகூட வாங்கவில்லை. அவருக்கே ஆச்சரியம்.

முக்கியமான நாளாயிற்றே என்று நீலக் கோட்டுச் சட்டையில் வந்திருந்தார். அங்கேதான் வினை.

ஸ்டூல் மேல் ஏறி நின்றார். "எல்லாரும் தோளை நேரா வைங்க!" என்று குரல் கொடுத்தார். கேமராவைத் தூக்கினார். அது நெஞ்சுவரை வந்தது. அதற்குமேல் கை எழவில்லை. இந்தத் தடவை வலி இல்லை, சட்டை விடவில்லை. இன்னும் ஒரு விரற்கடை தூக்கினால் தையல் போய்விடும் என்று தோளில் ஓர் எச்சரிக்கை கேட்டது.

முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் சட்டை கிழிவதா? மேல் பொத்தானை அவிழ்த்துப் பார்த்தார். போதவில்லை. இரண்டாவதையும் அவிழ்த்தார்.

"சார், நாங்க போட்டோவுக்கு நிக்கிறோம். நீங்க குளிக்கப் போறீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை.

சட்டென்று பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, அனுபவத்தை நம்பி, நெஞ்சு உயரத்திலேயே வைத்து மூன்று படம் எடுத்தார். தலைமை ஆசிரியைக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. எழுந்து வந்து கேமராவின் திரையைப் பார்த்தார்.

"சார்."

"சொல்லுங்க டீச்சர்."

"எங்க பிள்ளைங்களுக்குத் தலை இருக்கு."

"இருக்கு டீச்சர்."

"படத்துல இல்ல. பின்வரிசை முழுக்க வெறும் கழுத்தா நிக்குது." குரலைத் தாழ்த்தினார். "இது கடைசி. முடியலைன்னா சொல்லிடுங்க, எதிர்த்த கடைக்கு ஆள் அனுப்பறேன்."

போய்த் தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டூடியோக்காரர் கண்ணை மூடித் திறந்தார். மானமா, பன்னிரண்டு வருடமா? போனால் போகட்டும் சட்டை என்று கேமராவை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் கண்ணுக்கு உயர்த்தினார்.

டர்ர்ர்ர்!

வலது தோள் முதலில் திறந்தது. ஒரு நொடி தயங்கி, இடது தோளும் திறந்தது. சட்டையின் இரண்டு கைப்பகுதியும் முழங்கைக்கு இறங்கித் தொங்கின.

இரண்டாவது வரிசையில் ஒரு குட்டிப் பெண்தான் ஆரம்பித்தாள். அடுத்த கணம் முந்நூறு வாயும் திறந்தது. ஆசிரியைகள் சிரித்தார்கள். பன்னிரண்டு வருடமாக எந்தப் படத்திலும் உதட்டைப் பிரிக்காத தலைமை ஆசிரியை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஸ்டூடியோக்காரரின் விரல் தன் வேலையைச் செய்தது. க்ளிக்.

படத்தைப் பார்த்த தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு வருஷமா எங்க பள்ளிக்கூடம் குரூப் போட்டோவுல ஏதோ துக்க வீடு மாதிரி இருக்கும். இதைப் பெருசா சட்டம் போட்டுக் கொடுங்க. அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும்." பிறகு, "வேற சட்டையில வாங்க" என்றார்.

கிழிந்த சட்டையோடு தெரு வழியே நடந்து வீட்டுக்கு வந்தார். ஆட்டோவில் வந்திருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட கிழிசல் ஒருவர் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்?

கதவைத் திறந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாராவது அடிச்சுட்டாங்களா?"

"உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னார். லாரி ஓட்டுநர், எட்டுக் கிலோ, பொய்ச் சுளுக்கு, தூளி, வெளி வேலை, ஒன்றையும் விடவில்லை. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"அடேயப்பா! இத்தனை மாசமாவா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"சட்டை கிழியற அளவுக்கு வளர்ந்திருக்கு. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கு" என்றாள். அவள் குரல் ஏனோ லேசாக நடுங்கியது. பெருமையாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"எல்லாச் சட்டையும் இனிமே பத்தாது. உன் டெய்லர்கிட்ட கொடுத்துத் தோளைப் பெருசாக்கணும்."

"வைங்க, நான் கொண்டு போறேன்" என்று அவள் சட்டென்று எழுந்தாள்.

"நீ எதுக்குச் சிரமப்படணும்?"

"இல்லங்க, எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை..."

"உட்காரும்மா! இவ்வளவு பெரிய தோளை வெச்சுக்கிட்டு உன்னைச் சுமக்க விடுவேனா?"

ஆறு சட்டையையும் ஒரு பையில் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் பக்கவாட்டில் திரும்பி இறங்கினார்.

டெய்லர் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே ஒரே ஒரு தையல் இயந்திரம், அதன் பின்னால் மூக்குக் கண்ணாடியும் கழுத்தில் டேப்புமாக டெய்லர். ஸ்டூடியோக்காரர் அந்தக் கடைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. பையைத் திறந்து சட்டைகளை மேசைமேல் கொட்டினார்.

"எல்லாத்தையும் தோள்ல பிரிச்சுப் பெருசாக்கணும்" என்றார், நெஞ்சை நிமிர்த்தி. "உடம்பு கொஞ்சம் ஏறிடுச்சு."

டெய்லர் நீலக் கோட்டுச் சட்டையை எடுத்து, உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையையும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார்.

"ஏன் சார், உங்க வீட்டம்மா 'மனசு விட்டுடப் போறாரு'ன்னு சொல்லி மாசா மாசம் இதே சட்டைங்களைக் கொண்டுவந்து தோள்ல அரை அரை இஞ்சா உள்ள பிடிச்சுத் தைச்சுட்டுப் போறாங்க, இப்ப நீங்க வந்து பிரிக்கச் சொல்றீங்க, ரெண்டு பேரும் முதல்ல வீட்டுல உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்களேன்!"